ஆரோக்கியம் என்று பெயர் வைத்தவர்கள்

தலித் கிறித்தவர் வரலாறு என்று இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி குருமார்களின் வரலாறுதான். எந்தச் சாமியார் எந்த ஆண்டு வந்தார், எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், எப்போது கோயில் கட்டினார் என்று அது போகும். அந்தக் கோயிலுக்குச் செங்கல் சுமந்தவர்கள் எந்த நோயில் செத்தார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரியில் யாரைக் கூப்பிட்டார்கள் என்பது அதில் இராது. எதிர்ப்பக்கம் நின்று எழுதுகிறவர்களோ 'கஞ்சிக்கு மதம் மாறினவங்க' என்ற ஒரே வரியில் நம்மை முடித்துவிடுகிறார்கள். இந்த இரண்டு பேரும் எட்டிப் பார்க்காத இடம் நம்முடைய வீடு. அந்த வீட்டிலிருந்து நம் வரலாற்றை எழுதிப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. இதற்குச் சான்றாக என் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

எங்களது செங்கல்பட்டுப் பக்கத்துக் கத்தோலிக்கப் பறையர் குடும்பம். 1876–78 தாது வருஷப் பஞ்சத்திற்குப் பிறகு தமிழ்நாட்டில் பல சேரிகள் கூட்டம் கூட்டமாகக் கிறித்தவத்திற்குப் போயின. எங்கள் சேரியும் அப்படிப் போனதுதான். கஞ்சித்தொட்டிக்காகப் போனார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பசித்தவன் சோறு கொடுத்த இடத்தில் நின்றதில் என்ன அவமானம்? தலைமுறை தலைமுறையாக உழைப்பை வாங்கிக்கொண்டு பஞ்சத்தில் கதவைச் சாத்திக்கொண்ட ஊர்த்தெருவுக்கல்லவா அது அவமானம். ஆனால் கஞ்சி ஊற்றுவது நின்ற பிறகும் நம் ஜனங்கள் ஏன் திரும்பிப் போகவில்லை? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இதற்கான பதிலில் ஒரு பகுதி எங்கள் வீட்டுப் பெயர்களில் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையில் ஏழு பேருக்குப் பெயரில் 'ஆரோக்கியம்' உண்டு. ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி, ஆரோக்கியதாஸ் என்று வரும். வேளாங்கண்ணி ஆரோக்கியமாதாவுக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர்கள். என் ஆயா பதினோரு பிள்ளை பெற்றவர். தங்கியது ஐந்து. முதல் ஆரோக்கியமேரி இரண்டு வயதில் பேதியில் போனது. அடுத்துப் பிறந்த பெண்ணுக்கும் அதே பெயரை வைத்தார். "அவ பேருல இவ இருக்கட்டும்" என்றாராம். பெரிய குடும்பம் என்று நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பதினொன்றில் ஐந்துதான் நிற்கும் என்று தெரிந்த ஒருத்தி வேறு எப்படிக் கணக்குப் போடுவாள்?

நான் வளர்ந்தபோது இரண்டு அறைக் கூரைவீட்டில் பதிமூன்று பேர். ஆயா, பெரியப்பா குடும்பம், எங்கள் குடும்பம், கலியாணமாகாத அத்தை ஒருவர். விடியற்காலைக் கோயில் மணிக்கு எழுந்து பெண்கள் நடவுக்கோ களையெடுக்கவோ போவார்கள். பொழுது சாய்ந்தால் எல்லோரும் மண்தரையில் முழங்காலில் நின்று செபமாலை. ஐந்து பத்துமணியும் முடிந்த பிறகு ஆயா தன் சொந்த மன்றாட்டைத் தொடங்குவார். அதுதான் எங்கள் வீட்டின் அன்றாட மருத்துவ அறிக்கை. யாருக்கு வயிற்றுப்போக்கு, யாருக்கு இருமல், யாருக்கு மாதவிலக்கு நிற்கவில்லை என்று ஒவ்வொன்றாக மாதாவிடம் சொல்வார். பக்கத்து வீட்டு நோய்களும் அதில் வரும். சேரியில் யாருக்கு என்ன உடம்புக்கு என்பது அந்தச் செபத்தில்தான் எங்களுக்குத் தெரியும்.

ஆயாவின் விசுவாசத்தில் கோயிலும் கைவைத்தியமும் தனித்தனி அறைகளில் இல்லை. அம்மை போட்டால் வேப்பிலையும் உண்டு, செபஸ்தியாருக்கு நேர்ச்சையும் உண்டு. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள். சளிக்குத் தூதுவளை. கெபி விளக்கு எண்ணெயை நெற்றியில் சிலுவையாகப் போட்டுவிட்டு, அதே கையால் ஆஸ்பத்திரி மாத்திரையை வாயில் போடுவார். "மாத்திரையும் மாதாவும் ஒண்ணா இருந்தாத்தாண்டா ஒடம்பு நிக்கும்" என்பார். படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்கிறார்கள். மருத்துவமனைக்குப் போய்வரப் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போய்விடும் என்ற நிலையில், கைக்கு எட்டிய எதையும் விடாமல் பிடித்துக்கொண்ட அறிவு அது என்று நான் சொல்கிறேன்.

எங்கள் பகுதியின் பெரிய நோய் க்ஷயம், அதாவது காசநோய். இதில் நம் ஜனங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. தாம்பரம் சானடோரியத்தை 1928இல் தொடங்கியவர் சவரிமுத்து என்ற ஒரு தமிழ்க் கிறித்தவ டாக்டர். பிறகு அதை அரசு எடுத்துக்கொண்டது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு, இதுதான் அன்றைய வைத்தியம். கூலிக்காரனுக்கு இந்த மூன்றும் ஏது? 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்தில் வைத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு வீட்டிலேயே ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. நெருக்கமான வீட்டில், போதாத சாப்பாட்டோடு, வேலையும் பார்த்துக்கொண்டு மருந்து சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியாக இந்த முடிவு ஒரு காரணம். 1968இல் எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊசிக்குக் கை நீட்டினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பது அதில் தெரிந்தது. உலக மருத்துவம் இந்த இரண்டு உண்மைகளையும் ஏழைகளின் நெஞ்சிலிருந்துதான் படித்தது. நன்றி சொன்னதாக எங்களுக்கு நினைவில்லை.

எங்கள் பெரியப்பாவுக்கு 1971இல் நோய் கண்டது. ஊசியும் மாத்திரையும் இலவசம்தான். மூன்று மாதத்தில் இருமல் குறைந்தது, பசி எடுத்தது. அறுப்பு வந்தது. ஊசிக்குப் போகும் நாள் கூலி போகும் நாள். ஏழு பேர் சாப்பிட வேண்டும். வேலைக்குப் போய்விட்டார். 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். மருந்து இலவசமாக இருந்தாலும் நாள் இலவசமில்லை என்பதை எழுத அந்த அட்டையில் இடம் கிடையாது. ஆயா வேளாங்கண்ணிக்குப் போனார். கண், கை, கால் என்று உறுப்புப் பதித்த வெள்ளித் தகடுகள் அங்கே கிடைக்கும். நெஞ்சு நோய்க்கு எதை வாங்குவது என்று தெரியாமல் முழு ஆள் உருவத் தகட்டை வாங்கிப் போட்டுவிட்டு வந்தார். பெரியப்பா 1974இல் இறந்தார்.

சாவதற்கு முன் சாமியார் எண்ணெய் கொண்டுவந்தார். அதை எங்கள் பக்கம் அவஸ்தைப்பூசுதல் என்போம். சாகப்போகிறவனுக்குத்தான் அது என்பது பழைய வழக்கம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகு, 1972இல், நோயாளிக்கு நலம் வேண்டிப் பூசுவது என்று திருச்சபை சடங்கைத் திருத்தியது. பெயரும் நோயில்பூசுதல் ஆயிற்று. ஆனால் சேரிக்கு அந்தச் சேதியை யாரும் கொண்டுவரவில்லை. சாமியார் வாசலில் நின்றதும் பெரியம்மா ஒப்பாரி வைத்துவிட்டார். பெரியப்பாவுக்கு அப்போது நினைவு நன்றாக இருந்தது.

பல ஆண்டு கழித்து எங்கள் பங்கின் சாவுப் பதிவேட்டைப் பார்த்தேன். பெயர், வயது, அடக்கம் செய்த நாள், தேவதிரவிய அனுமானங்கள் பெற்றாரா இல்லையா, எல்லாம் இருக்கிறது. என்ன நோய் என்று ஒரு சொல் இல்லை. ஆத்துமத்தின் கணக்கு மட்டும் சரியாக இருக்கிறது.

இதில் பெண்களின் கதை இன்னும் மறைவானது. போப் ஆறாம் பவுல் 1968இல் செயற்கைக் கருத்தடை பாவம் என்று சுற்றுமடல் எழுதினார். எங்கள் அம்மாவுக்கு அப்போது நான்கு பிள்ளைகள். ஆறாவது பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் பிழைத்ததே பெரிது. அத்தையை மட்டும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் செய்துகொண்டார். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னபோது சாமியார் பாவமன்னிப்புக் கொடுக்கவில்லை. இரண்டு வருஷம் அம்மா பூசைக்குப் போவார், நன்மை வாங்காமல் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஆயா கேட்டதற்கு, "பாவத்த நான் செமந்துக்கிறேன். இன்னொரு புள்ளய செமக்க என்னால முடியாது" என்றார். வேறு சாமியார் மாறி வந்த பிறகு ஒருநாள் எழுந்துபோய் வரிசையில் நின்றார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நம் பெண்கள் திருச்சபையை விட்டுப் போகாமலே அதோடு போட்ட சண்டைகள் இப்படிப்பட்டவை. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்த பிறகுதான் இவற்றையெல்லாம் எழுதலாம் என்ற துணிவே நமக்கு வந்தது.

செத்த பிறகும் பிரச்சினை தீரவில்லை. சாதிக் கிறித்தவர்களுக்கு ஒரு கல்லறை, நமக்கு ஒரு கல்லறை. பிணம் போகும் தெருவும் வேறு. பழைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சில் நடந்ததை மறக்க முடியாது. தனிப் பங்கு கேட்ட, பொதுத்தெரு வழியாகப் பிணம் கொண்டுபோக உரிமை கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் மீது அதே கோயிலில் கும்பிடுகிற சாதிக் கத்தோலிக்கர்கள் பாய்ந்தார்கள். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர் போனது. திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று இந்திய ஆயர் பேரவை ஒரு கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டதே 2016இல்தான்.

கோயில் நம்மைப் பறையர் என்று பிரித்துவைத்தது. சர்க்காரோ நீ பறையனே இல்லை, கிறித்தவன் என்றது. 1936 ஆணையிலேயே இந்தியக் கிறித்தவர் எவரும் அட்டவணைச் சாதியில்லை என்று இருந்தது. 1950 ஆகஸ்டு 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பவுத்தரையும் சேர்த்தார்கள். நம்மைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் நாம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்குக் காவலாக வராது. சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, மற்றத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த பெட்டிக்கடை எனக்கு ஏன் இல்லை என்று உச்சநீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி 1985இல் வழக்கைத் தள்ளினார்கள். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. அதற்குப் பிறகும், 2022இல், பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண்ணொருவரின் அட்டவணைச் சாதிக் கோரிக்கையை உச்சநீதிமன்றம் மறுத்தது. அவர் ஞானஸ்நானம் பெற்றவர் என்பது அங்கே முக்கியச் சான்று.

நம் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருப்பது இதனால்தான். வீட்டில் ஒன்று, சான்றிதழில் ஒன்று. எங்கள் வீட்டிலும் சான்றிதழுக்காக ஆரோக்கியமேரி செல்வி ஆனாள். நர்சிங் படித்தாள். இன்று ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவளைத்தான் போனில் கூப்பிடுகிறார்கள். அவளை 'இரட்டை வேடம்' என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள், பெயரை மறைக்காமல் படிக்க அவளுக்கு என்ன வழி விட்டுவைத்தார்கள் என்று முதலில் சொல்லட்டும்.

நம் ஜனங்கள் ஏன் திரும்பிப் போகவில்லை என்று முன்பு கேட்டேன். பங்குக் கோயிலில் சாதி இருந்தது. ஆனால் பொழுது சாய்ந்தபின் மண்தரையில் முழங்காலிட்டபோது, நம் உடம்பின் நோவை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தாள். ஊர் கேட்கவில்லை, சர்க்கார் கேட்கவில்லை, பதிவேடு எழுதவில்லை. மாதா கேட்டாள் என்று நம் பெண்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கேலி செய்யாமலும், அதைக் காட்டி உரிமையைத் தள்ளிப்போடாமலும் நாம் பேசியாக வேண்டும்.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆயாக்களும் அம்மாக்களும் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை பெற்றார்கள், எத்தனை தங்கியது, எந்த நோயில் யார் போனார், எந்தக் கோயிலுக்கு என்ன நேர்ந்தார்கள், மருந்து எங்கே நின்றது, ஏன் நின்றது. ஒரு நோட்டுப்புத்தகம் போதும். 'என்ன நோய்' என்ற பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.