சான்றொப்பத்தில் சிக்கிய வாக்கு

தபால் வாக்கின் வரலாற்றை 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 60ஆம் பிரிவிலிருந்து தொடங்குவது வழக்கம். அதன் உண்மையான வரலாறு 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் படிவங்களில் உறைந்திருக்கிறது என்பதே என் எண்ணம்.

தேர்தல் பணிக்குச் செல்லும் ஆசிரியர் படிவம் 12இல் விண்ணப்பிப்பார். குறியிட்ட சீட்டை 13-பி உறையில் இட்டு ஒட்டுவார். 13-ஏ உறுதிமொழியில் கையொப்பமிட்டுச் சான்றொப்பம் பெறுவார். இரண்டையும் 13-சி உறையில் அனுப்புவார். எண்ணும்போது உறுதிமொழி பிழையெனக் கண்டால் உள்ளுறை திறக்கப்படுவதேயில்லை. யாருக்கு வாக்களித்தார் என்பது எவருக்கும் தெரியாமலேயே அவ்வாக்கு மடிந்துபோகும்.

2016இல் இராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் வெற்றி வேறுபாடு 49 வாக்குகள். தள்ளப்பட்ட தபால் வாக்குகளோ 203. சான்றொப்பமிட்ட பள்ளித் தலைமையாசிரியர்கள் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர்கள்தாமா என்பதே வழக்கு! 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு ஆணையிட்டது; அதன் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

அதே 2019இல் 80 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் படிவம் 12-டி வந்தது (2024இல் வயது வரம்பு 85 ஆயிற்று). அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் விண்ணப்பித்தால் அலுவலர் குழுவே வீடு தேடி வரும். தேர்தல் பணியாளர் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வசதி மையத்திலேயே வாக்களிக்க வேண்டும். அஞ்சலை இன்னும் நம்பியிருப்போர் பெரும்பாலும் படைவீரர்களே.