நான்கு மரக்கட்டைகள்

நியூயோர்க் துறைமுகத்திலே எல்லிஸ் தீவு என்றொரு சிறு தீவு உண்டு. 1892 தொடக்கம் 1954 வரை அது ஐக்கிய அமெரிக்காவின் குடிவரவு நிலையமாக விளங்கியது. ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் மக்கள் அதன் வழியே சென்றனர். யார் இவர்கள்? முதலாம், இரண்டாம் வகுப்புப் பிரயாணிகளைக் கப்பலிலேயே பார்த்து இறங்கவிட்டனர். அடித்தட்டில் அடைபட்டு வந்த ஏழைகளே தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மனவளர்ச்சி குன்றியோரை நாட்டினுள் விடலாகாதென 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. ஆயின், ஒருவரின் அறிவைப் பற்றிய ஐயம் அவரது பிரயாணச் சீட்டின் விலையோடு தொடர்புற்றிருந்தது என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

ஐயத்துக்குரியவரின் மேலங்கியிலே வைத்தியர் வெண்கட்டியால் பெருக்கற் குறி இடுவர். பின்னர் பரீட்சை. பாரிஸில் பினே என்பார் 1905இல் பள்ளிப் பிள்ளைகளுக்கென வகுத்த வினாக்களையே முதலில் கையாண்டனர். உருவங்களைப் பார்த்து வரையும்படியும் பணித்தனர். ஏர் பிடித்துக் காய்த்த கைகள் சில அன்றுதான் முதன்முறையாகப் பென்சிலைத் தொட்டன.

1912 முதல் 1916 வரை அங்கு பணியாற்றிய ஹவார்ட் நொக்ஸ் என்னும் வைத்தியர் இவ்வநீதியை ஓரளவு உணர்ந்தார். பள்ளியறியாதவனைப் பள்ளி வினாவால் அளத்தல் தகாது என்றார். நான்கு மரக்கட்டைகளை வரிசையாக வைத்து, சிறு கட்டையொன்றினால் அவற்றை ஓர் ஒழுங்கிலே தட்டிக் காட்டினார். வந்தவர் அவ்வாறே தட்ட வேண்டும். தட்டல்கள் கூடக்கூட ஒழுங்கும் சிக்கலாகும். மொழியும் எழுத்தும் வேண்டியதில்லை. கண்ட ஒழுங்கைச் சிறிது நேரம் மனத்திலே தாங்கிக் கையால் திருப்பித் தந்தாற் போதும். கப்பற் படமொன்றைத் துண்டுகளாக்கிய மரப்புதிரும் அத்தீவிலே வழங்கிற்று. பல நாட் கடற்பயணத்தால் நொந்து வந்தவர் முன் கப்பற் படம்!

நொக்ஸை நாம் புரட்சியாளராக்க முனையவில்லை. வாயிலிலே நின்று வடிகட்டுவதே அவருடைய உத்தியோகம். எனினும் கொடார்ட் என்பார் 1917இல் வெளியிட்ட முடிவோடு ஒப்பிடுகையில் அவரது நேர்மை துலங்கும். ஒவ்வோர் இனத்திலும் சில பத்துப் பேரையே சோதித்து, யூதர், இத்தாலியர், ஹங்கேரியர், ரஷ்யர் ஆகியோருள் ஐந்தில் நான்கு பங்கினர் மூளைத்திறன் குன்றியோர் எனக் கொடார்ட் கணக்கிட்டார். 1924ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் இத்தகைய பரீட்சைகளால் மட்டும் விளைந்தது எனல் மிகையாகும். இனச்செருக்கும் கூலிச்சந்தை பற்றிய அச்சமும் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தன.

கட்டைகள் மறையவில்லை. 1972இல் மொன்றியலிலே கோர்சி ஒன்பது கட்டைகளைக் கொண்டு இதனையொத்த சோதனையை அமைத்தார். 1974இல் பட்லியும் ஹிச்சும், மனத்தில் தாங்கிக்கொண்டே வேலை செய்யும் இவ்வாற்றலைச் செயல்படு ஞாபகம் என்னும் கோட்பாடாக விரித்தனர்.

ஆசிரியராகிய எமக்கு இது தொலைநாட்டுக் கதையன்று. கரும்பலகையில் உள்ள ஒரு வசனத்தைப் பெயர்த்தெழுத எழுத்துக்கு எழுத்து தலைநிமிர்த்தும் பிள்ளை எமது வகுப்பிலும் உண்டு. அப்படிப்பட்ட மாணவி ஒருத்தி, கைப்பணிப் பாடத்திலே பனையோலைப் பெட்டி இழைக்கக் கண்டோம். எந்தச் சாயவோலை மேலே, எது கீழே என்ற ஒழுங்கை ஒருமுறை பார்த்தாள். பின்னர் மாதிரியைத் திரும்பிப் பாராமலே மூலை மடித்தாள். அத்தவணை அவளது தேர்ச்சி அறிக்கையிலே நாம் எழுதியிருந்த குறிப்பு: "ஞாபகசக்தி போதாது."