மெழுகு மாதிரியும் மெய்க்கப்பலும்: வில்லியம் ஃபுரூடின் இழுவைச் சோதனைகள் (1867–1874)

கப்பலின் நீர்த்தடையை இன்று கணினி உருவகப்படுத்தல் வழியாகக் கணிக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அது கட்டுநரின் பட்டறிவைக் கொண்டே மதிப்பிடப்பட்டது. கட்டிக் கடலில் இறக்கிய பின்னரே கப்பலின் வேகம் உறுதியாகத் தெரியவந்தது. சிறு மாதிரியைக் கொண்டு பெருங்கப்பலின் தடையை முன்னறிய இயலும் என்பது எவ்வாறு ஏற்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இயலாது என்பதே அன்று செல்வாக்குடன் விளங்கிய கருத்து. அதனை அறியாமை என ஒதுக்குதல் பொருந்தாது. மாதிரிகளை மறுத்த ஜான் ஸ்காட் ரஸ்ஸல், தாமே பல மாதிரிகளைச் சோதித்தவர். 1869இல் பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் குழுவும் முழு அளவுக் கப்பல்களிலேயே சோதனை நிகழ்த்தப் பரிந்துரைத்தது. அக்குழுவிலிருந்த ஃபுரூட் (1810–1879) மாறுபட்டார்.

அவரது மறுப்புக்குச் சான்று இருந்தது. 1867இல் 'ஸ்வான்', 'ரேவன்' என்னும் இரு வடிவங்களை 3, 6, 12 அடி நீளங்களில் செய்து டார்ட் ஆற்றில் இழுத்துப் பார்த்திருந்தார். கூர்முனையுடைய ரேவன் குறைந்த வேகத்திலும், மழுங்கிய முனையுடைய ஸ்வான் மிகுந்த வேகத்திலும் குறைவான தடையைக் காட்டின. கூர்மையே சிறப்பு என்னும் எண்ணம் இதனால் ஆட்டங்கண்டது. இதனினும் முதன்மையானது மற்றொன்று: நீளத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதமான வேகங்களில் இழுத்தபோது, ஒரே வடிவின் சிறிய, பெரிய மாதிரிகள் ஒத்த அலைகளை எழுப்பின. பிரெஞ்சுப் பொறியாளர் ஃபெர்டினான்ட் ரீச் இவ்விதியை முன்னரே உணர்ந்திருந்தார். 'ஃபுரூட் எண்' என்னும் பெயர் அவருக்கு முழு நீதி செய்வதன்று.

ஃபுரூடின் தனிப்பங்களிப்பு, உராய்வை அலைத்தடையிலிருந்து பிரித்ததாகும். உராய்வு மேற்கூறிய விதிக்குக் கட்டுப்படாது. ஆகவே பல நீளங்களும் மேற்பரப்புகளும் கொண்ட பலகைகளை இழுத்து அதனைத் தனியே அளந்தார். இதற்குரிய 278 அடி நீளத் தொட்டி, கடற்படைத் தலைமையகம் ஒப்பிய 2000 பவுன் நிதியில் டார்கி நகரில் அவர் இல்லத்தருகே அமைந்தது. 1872இல் சோதனைகள் தொடங்கின. செதுக்க எளியது, உருக்கி மீண்டும் பயன்படுவது என்பதால் மாதிரிகள் பாரஃபின் மெழுகால் செய்யப்பட்டன.

1871இல் 'ஆக்டிவ்' என்னும் கப்பல் 172 அடி நீளமுள்ள 'கிரேஹவுண்ட்' கப்பலைக் கடலில் இழுத்துச் சென்றது. முன்செல்லும் கப்பலின் நீர்க்கலக்கம் அளவீட்டைக் கெடுக்காதிருக்க, அதன் பக்கவாட்டில் நீண்ட மரத்தண்டு பொருத்தி, அதிலிருந்து வடம் கட்டப்பட்டது. மாதிரி பதினாறில் ஒரு பங்கு அளவினது. கப்பலின் 12 நாட் வேகத்துக்கு மாதிரியின் 3 நாட் ஈடாகும். உராய்வு நீங்கலான தடையை 4096ஆல் பெருக்க வேண்டும்.

1874இல் வெளியான ஒப்பீட்டில் இரு வளைகோடுகளும் வடிவில் நெருங்கி அமைந்தன. ஆயினும் கப்பலின் தடை சற்று மிகுந்திருந்தது. அடிப்பகுதியின் செப்புத்தகடு வார்னிசுப் பரப்பைவிடச் சொரசொரப்பானது எனக் கொண்டு ஃபுரூட் அவ்வேறுபாட்டை விளக்கினார். சோதனையின் மெலிந்த இடம் இதுவே எனலாம். எந்திர ஆற்றலில் பாதிக்கும் குறைவான பகுதியே கப்பலை உந்தப் பயன்படுகிறது என்பதும் அப்போது தெரியவந்தது.

ஃபுரூட் 1879இல் சைமன்ஸ் டவுனில் மறைந்தார். 1883இல் டம்பார்டனின் டென்னி கப்பல் கட்டுநர்கள் தம் சொந்தச் செலவில் இழுவைத் தொட்டி ஒன்றை அமைத்தனர்.