கைம்பெண் இல்லம் முதல் தோழி விடுதி வரை: தமிழகத்தில் ஆதரவற்ற பெண்களுக்கான உறைவிட வரலாறு

முன்னுரை

கணவன் இறந்தாலும் கைவிட்டாலும், அடி உதை பொறுக்காமல் தானே வெளியேறினாலும், பெண் முதலில் இழப்பது தலைக்கு மேல் இருக்கும் கூரையைத்தான். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டும் கைவிரித்துவிட்டால் அவள் எங்கே போவாள் என்ற கேள்விக்குத் தமிழகம் நூறாண்டுக்கும் மேலாக விடை தேடிவருகிறது. அந்த விடைகளை இக்கட்டுரை காலவரிசையில் ஆராய்கிறது. இல்லங்கள் பெருகின, சட்டமும் வளர்ந்தது. எனினும் ஒவ்வொரு கதவும் குறிப்பிட்ட வகைப் பெண்ணுக்கு மட்டும், அதுவும் குறித்த காலத்துக்கு மட்டுமே திறந்தது என்பதே இந்த வரலாறு காட்டும் உண்மை.

1. கல்வியோடு பிணைந்த கூரை

சிறு வயதிலேயே கைம்பெண்ணான ஆர்.எஸ். சுப்புலட்சுமி, 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்து எழும்பூரில் தம் குடும்ப வீட்டிலேயே சில கைம்பெண் சிறுமிகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். கல்வித்துறை அதிகாரி கிறிஸ்டினா லிஞ்சின் துணையோடு அது அரசு ஆதரவு பெற்ற இல்லமாகி, கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுசுக்கு இடம்பெயர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்ட கிடங்கு அது. மங்கல நிகழ்ச்சிகளில் முகம் காட்டக் கூடாதென்று ஒதுக்கப்பட்ட சிறுமிகள் அங்கிருந்து பள்ளி சென்று ஆசிரியைகளாயினர். 1922இல் தொடங்கிய லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி அந்தப் பாதையை நீட்டித்தது.

உறைவிடமும் சம்பாத்தியத்துக்கான வழியும் சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்பது சுப்புலட்சுமியின் தொலைநோக்கு. ஆனால் ஐஸ் ஹவுஸ் பிராமணக் கைம்பெண்களுக்கானது; வயது வரம்பும் உண்டு. வயது வந்த கைம்பெண்களுக்காக 1927இல் சாரதா வித்யாலயத்தைத் தங்குமிடத்தோடு அவர் தனியே நிறுவ நேர்ந்தது இதனால்தான்.

2. எந்த விடுதியும் ஏற்காத பெண்கள்

சாதிவாரி விடுதிகளின் எல்லையை அம்பலப்படுத்தியது 1930ஆம் ஆண்டு. தேவதாசி முறையிலிருந்து தப்பிக்க விரும்பிய இளம் பெண்கள் சிலர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர் விடுதிகளை அணுகினார். பிராமணர் விடுதியும் மறுத்தது. பிராமணரல்லாதார் விடுதியும் மறுத்தது. தம் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்தார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது 1947இல். சட்டம் வருவதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே, வெளியேறும் பெண்ணுக்கு முதல் தேவை ஓர் இருப்பிடம் என்பதை அவர் செயலில் காட்டிவிட்டார். 1928இல் வெங்கடசுப்பா ராவ், ஆண்டாளம்மா தம்பதியர் நிறுவிய மதராஸ் சேவா சதனும் இதே காலத்தின் விளைச்சல்.

3. அரசின் வருகையும் விதிகளின் வேலியும்

விடுதலைக்குப் பின் அரசு சேவை இல்லங்கள் வந்தன. 1972-73இல் மத்திய அரசு பணிபுரியும் மகளிர் விடுதித் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டில் ஆதரவில்லாத பெண் என்பதிலிருந்து ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கும் பெண் என்ற நிலைக்கு அரசின் பார்வை நகர்ந்ததை இத்திட்டம் குறிக்கிறது. பின்னாளில் வந்த அதன் விதிகள், வாடகையைச் சம்பளத்தோடு பொருத்தின: தனியறைக்குச் சம்பளத்தில் 15 விழுக்காடு, இருவர் அறைக்கு 10, கூட்டறைக்கு 7.5 என்பதே உச்சவரம்பு. வருமானத்துக்கேற்ற வாடகை என்ற இந்தக் கொள்கை பாராட்டத்தக்கது.

அதே விதிகள் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் தங்க அனுமதிக்கவில்லை. தாயுடன் மகள் 18 வயதுவரை தங்கலாம். மகனுக்கு 5 வயதுவரைதான் இடம். ஆறு வயது மகனோடு வெளியேறிய தாய், பிள்ளையைப் பிரிவதா, அடித்தவனிடமே திரும்புவதா என்று தவிக்க வேண்டியிருந்தது. இத்திட்டம் சகி நிவாஸ் எனப் பெயர் மாறியபின் மகனின் வயது வரம்பு 12 ஆக உயர்ந்தது. பதின்வயது மகனின் தாய்க்குச் சிக்கல் தீரவில்லை. துயருற்ற பெண்களுக்கான ஸ்வாதார் இல்லத் திட்டத்திலோ, குடும்ப வன்முறைக்கு ஆளானவர் ஓராண்டுவரைதான் தங்க முடிந்தது. வழக்கு முடிய அதைவிடக் காலம் ஆகும் என்பதை நீதிமன்றப் படியேறிய எவரும் அறிவர்.

4. சட்டத்தில் வீடு

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குச் சொத்தில் பங்கு தந்தது. ஆனால் அதன் 23ஆம் பிரிவு, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை குடும்பம் வாழும் வீட்டில் பெண் பாகப்பிரிவினை கேட்க முடியாது என்றது. மணமாகாத, கைவிடப்பட்ட, பிரிந்துவாழும் அல்லது கைம்பெண்ணான மகளுக்கு அங்கே வசிக்கும் உரிமை மட்டும் உண்டு. தமிழகம் 1989இல் மகளுக்குப் பூர்விகச் சொத்தில் சம உரிமை அளித்தது. 23ஆம் பிரிவு நீங்கியதோ 2005இல்தான்.

அதே ஆண்டு இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும் மனைவி அங்கே வசிக்கலாம் என்றது. பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் குறுக்கி, மாமியார் பெயரிலுள்ள வீட்டில் மருமகளுக்கு உரிமையில்லை என்றது. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கின் தீர்ப்பு அந்தக் குறுக்கத்தை நீக்கியது.

முடிவுரை

மாநில அரசின் தோழி விடுதிகள் இந்த நீண்ட வரிசையில் அண்மைய வரவு. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் இடத்தை வேலைக்குப் போகும் பெண்களுக்கு அவை தருகின்றன. ஆயினும் விடுதி என்பது வீடாகாது. தனியாக வாழும் பெண் என்பதற்காக வாடகைக்கு வீடு மறுக்கப்படுவதைத் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் தடுக்கவில்லை.

ஆகவே மூன்று மாற்றங்கள் உடனடித் தேவை. மகனின் வயதைக் காட்டித் தாயை வெளியே நிறுத்தும் விதிகள் நீங்க வேண்டும். வழக்கு முடிந்து, வருமானம் நிலைபெறும்வரை காப்பகத்தில் தங்கும் காலம் நீள வேண்டும். வேலையிடங்களுக்கு அருகில், வருமானத்துக்கேற்ற வாடகையில், கெடு வைக்காத குடியிருப்புகளைத் தனித்துவாழும் பெண்களுக்கென அரசு கட்ட வேண்டும். சுப்புலட்சுமியும் முத்துலட்சுமியும் தம் சொந்த வீட்டுக் கதவைத் திறந்து தொடங்கிவைத்த பணியை நிறைவுசெய்யும் நிலமும் நிதியும் அதிகாரமும் இன்று அரசிடம் உள்ளன.