குரூகர் தேசியப் பூங்கா: ஒரு சஃபாரிக் காட்டின் வரலாறு

தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையில், மொசாம்பிக் எல்லையை ஒட்டி ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது குரூகர் தேசியப் பூங்கா. சிங்கம், யானை, காட்டெருமை, காண்டாமிருகம், சிறுத்தை ஆகிய ஐந்தையும் காண ஆண்டுதோறும் பல லட்சம் பேர் இங்கே வருகிறார்கள். மனிதர் கைபடாத ஆதிக்காடு என்றே அவர்களில் பலர் இதை எண்ணிக்கொள்கிறார்கள். வரலாற்றுச் சான்றுகள் இதற்கு இடம் தரவில்லை. பூங்காவின் வடகோடியில் உள்ள துலமேலாவில் கல்மதில் சூழ்ந்த பழைய குடியிருப்பு ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது; அங்கே பொன்னணிகளோடு அடக்கம் செய்யப்பட்டவர்கள் வளமான ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர்கள். 20ஆம் நூற்றாண்டிலும் சோங்கா மொழி பேசுவோரின் ஊர்கள் இந்நிலத்தில் இருந்தன. இன்று நாம் காணும் காட்டுக்கு உருவம் தந்தவை மனிதர் எடுத்த முடிவுகளே. அவற்றுள் பெரும்பங்கு, பார்வையாளரை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டவை.

டிரான்ஸ்வால் குடியரசின் தலைவர் பால் குரூகர் 1898இல் சபி ஆற்றுக்கும் குரோக்கடைல் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தைக் காப்பகமாக அறிவித்தபோது சுற்றுலா யார் நினைப்பிலும் இல்லை. வேட்டையாலும் 1896இல் பரவிய மாட்டுக் கொள்ளைநோயாலும் அருகிப்போன விலங்குகள் மீண்டும் பெருகவேண்டும் என்பதே நோக்கம். போயர் போருக்குப் பின் 1902இல் காப்பாளராகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன், மான்களைப் பெருக்குவதற்காகச் சிங்கங்களைச் சுட்டுக் குறைத்தார். அங்கே குடியிருந்தவர்களையும் வெளியேற்றினார். 1923இல் ரயில்வே நிர்வாகம் ஒரு சுற்றுலா ரயிலைக் காப்பகத்தின் வழியாக விட்டது. வழியிலிருந்த மற்ற இடங்களைவிடக் காட்டு விலங்குகளே பயணிகளைக் கவர்ந்தன. சிங்கத்தைப் பார்க்கப் பணம் கொடுத்து வருவார்கள் என்பது அப்போதுதான் புலப்பட்டது. 1926இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்து, காப்பகம் குரூகர் தேசியப் பூங்காவாயிற்று. 1927இல் வந்த கார்கள் மூன்று, 1929இல் 850. சுடப்பட்டு வந்த அதே சிங்கம் பூங்காவின் மூலதனமாயிற்று.

பார்வையாளர் வெறுமனே பார்த்துவிட்டுப் போகிறவர்தானே, அவரால் காடு எப்படி மாறும் என்று கேட்கலாம். வறட்சியைச் சமாளிக்கவும், விலங்குகளைச் சாலையோரம் காட்டவும் 1930களிலிருந்து ஆழ்துளைக் கிணறுகள் நூற்றுக்கணக்கில் தோண்டப்பட்டன. வடக்கின் வறண்ட சமவெளிக்குத் தண்ணீர் வந்ததும் வரிக்குதிரைகள் வந்தன. அவற்றின் பின்னால் சிங்கங்கள் வந்தன. அங்கே ஒதுங்கி வாழ்ந்த ரோன் மான்கள் 1986இல் சுமார் 450 இருந்தன. 1993இல் சுமார் 45தான் எஞ்சின. பிற்பாடு பல கிணறுகள் மூடப்பட்டன. நல்லெண்ணத்தோடு செய்த வேலை ஓர் அரிய இனத்தை இங்கே அழிவின் விளிம்புக்குத் தள்ளியதை இந்தப் பூங்காவின் வரலாற்றில் மிக முக்கியமான பாடமாகக் கருதவேண்டும்.

மக்களை வெளியேற்றாவிட்டால் விலங்குகள் பிழைத்திருக்கமாட்டா என்பது முன் சொன்ன கேள்வியைவிட வலுவான மறுப்பு. சுற்றுலா வருமானமே காவலர்களுக்குச் சம்பளமாகிறது என்பதும், காவல் இல்லாவிட்டால் காண்டாமிருகம் மிஞ்சாது என்பதும் உண்மையே. ஆனால் காவல் வேண்டும் என்பதிலிருந்து குடிமக்களைத் துரத்தவேண்டும் என்ற முடிவு வராது. லிம்போபோ, லுவுவு ஆறுகளுக்கு இடையே வாழ்ந்த மக்குலேக்கே மக்களை 1969இல் நிறவெறி அரசு வெளியேற்றி அந்நிலத்தைப் பூங்காவோடு சேர்த்தது. 1998இல் அவர்கள் நிலவுரிமையைத் திரும்பப் பெற்றார்கள். அதை உழவுக்கோ சுரங்கத்துக்கோ கொடுக்காமல் காடாகவே வைத்திருக்க உடன்பட்டார்கள். பூங்கா நிர்வாகத்தோடு சேர்ந்து அதைப் பராமரிக்கிறார்கள். அங்குள்ள சஃபாரி விடுதிகளிலிருந்து அவர்களுக்கு வருமானமும் வருகிறது. யானைகள் அங்கேயும் உலவுகின்றன. அந்த நிலம் இன்று குரூகர் பூங்காவின் பகுதி. அதன் உரிமையாளர்கள் மக்குலேக்கே மக்கள்.