கிரிசெல்டாவின் பொறுமை

இத்தாலி நாட்டின் வடமேற்கே, போ ஆறு தோன்றும் மலையின் அடிவாரத்திற் சலுத்சோ என்னும் சிறு நகரொன்று உளது. அந்நகரை ஆண்ட கோமான் ஒருவனைப் பற்றிய கதை, மனைவியின் பணிவுக்கு எல்லை உண்டோ இன்றோ என்னும் வினாவை மேனாட்டுப் புலவரிடையே நெடுங்காலம் எழுப்பி வந்தது. இன்று கிடைக்கும் வடிவங்களுள் முந்தியது பொக்காச்சியோ என்பார் எழுதியதாம். 1348 ஆம் ஆண்டிற் பிளாரன்சு நகரைக் கொள்ளைநோய் பாழ்படுத்திய பின்னர் அவர் தொடங்கி, 1353 ஆம் ஆண்டளவில் முடித்த 'தெக்கமெரோன்' என்னும் நூலின் நூறாவது கதை அது.

குடிகள் வற்புறுத்தலால் மணஞ்செய்ய இசைந்த குவால்த்தியேரி என்னுங் கோமான், சிற்றூர் ஏழை ஒருவன் மகளாகிய கிரிசெல்டாவைத் தேர்ந்தான். தான் சொல்வன செய்வன எவற்றிற்கும் சினவாது கீழ்ப்படிதல் வேண்டும் என்பதே அவன் விதித்த கட்டளை. அவளும் இசைந்தாள். பெண்மகவு பிறந்தபின், அவளது இழிகுலம் பற்றிக் குடிகள் முணுமுணுக்கின்றனர் என்று பொய் கூறி, ஏவலன் ஒருவனை விடுத்துக் குழவியைக் கொல்வான் போல வாங்குவித்தான். அவள் தொட்டிலினின்று மகவை எடுத்து முத்தமிட்டுக் கொடுத்து, தலைவன் ஆணை அஃதன்றாயின் விலங்கும் பறவையும் தின்னுமாறு விட்டுவிடற்க என்று மட்டும் வேண்டினாள். பின்னர்ப் பிறந்த ஆண்மகவுக்கும் அதுவே நேர்ந்தது. இருவரும் போலோஞா நகரிற் கரவாக வளர்க்கப்பட்டனர். இறுதியிற் பொய்யோலை காட்டி மணத்தை முறித்து, ஒற்றை உள்ளாடையுடன் அவளைத் தந்தை குடிசைக்கு ஓட்டினான். புதுமணத்திற்கு மாளிகையை ஒப்பனை செய்யுமாறு மீண்டும் அழைத்தான். மணமகளாக வந்து நின்றவள் அவள் வயிற்றிற் பிறந்த மகளே.

ஈண்டு ஓரிடம் கூர்ந்து நோக்கற்பாலது. புதுமணப்பெண் எத்தகையள் என்று கோமான் வினவியபோது, கிரிசெல்டா அவளைப் புகழ்ந்துவிட்டு, முன்னவளுக்கு இழைத்த துன்பங்களை இவளுக்கு இழைத்தல் வேண்டா, இவள் மென்மையாக வளர்ந்தவள் என்றாள். தன்பொருட்டு ஒருகாலும் வாய்திறவாதவள் பிறள் ஒருத்தியின் பொருட்டுத் திறந்தாள். துன்பத்தை அவள் உணரவில்லை என்பார்க்கு இவ்வொரு சொல்லே விடையாம். கோமான் உண்மையை வெளியிட்டதும் இதனை அடுத்தே.

பொக்காச்சியோ இக்கதையைத் தியோனேயோ என்னும் நகைச்சுவை இளைஞன் வாயிலாகக் கூறுவித்தார். அவனோ கோமான் செயலைப் பெருந்தன்மை என்னாது வெறிகொண்ட விலங்குத்தன்மை என்றே இகழ்கின்றான். ஆசிரியர் கருத்து எத்தகையதென்பது இதனால் ஒருவாறு விளங்கும்.

1373 ஆம் ஆண்டிற் பெத்ரார்க்கு என்னும் பெரும்புலவர் இதனை இலத்தீனிற் பெயர்த்தபோது கதையின் முகமே மாறிற்று. இக்காலத்து மனைவியர் அவளைப் பின்பற்றுதற்கன்று, அவள் கணவன்பாற் காட்டிய உறுதியைக் கற்போர் கடவுள்பாற் காட்டுதற்கே எழுதியதாக அவர் உரைத்தார். கடவுள் சோதிப்பது நம் உள்ளத்தைத் தாம் அறிதற்கன்று, நம் எளிமையை நமக்கு அறிவித்தற்கே என்றும் சேர்த்தார். உவமை முறிவது இவ்விடத்தேதான். கோமான் சோதித்தது அறியாமையாலும் ஐயத்தாலும் அன்றோ? நோய் தீர மருந்தூட்டும் மறக்கருணை வேறு; ஐயுற்றுச் செய்யுங் கொடுமை வேறு. சிறுத்தொண்ட நாயனார் வரலாற்றை இதற்கு இணை காட்டுவாரும் உளராகலாம். அங்கே கணவனும் மனைவியும் ஒருமனப்பட்டு இறைவன் அடியார் ஆணைக்கு உட்பட்டனர். இங்கே கணவனே ஆண்டவன் இருக்கையில் ஏறியமர்ந்தான்.

ஆங்கிலப் புலவர் சாசர் பெத்ரார்க்கின் வழியே சென்றும், இடையிடையே கோமானைக் கடிந்துரைக்கின்றார். மக்களைத் திரும்பப் பெற்ற தாய் அவர்களைத் தழுவியவாறே மயங்கி வீழ்ந்தாள் என்றும், அவள் கைகளினின்று அவர்களை விடுவித்தல் அரிதாயிற்று என்றும் அவர் பாடுகின்றார். அத்தனை ஆண்டும் அடக்கிய துயரத்தின் அளவு இக்கைப்பிடியிற் புலனாகின்றது. நூலின் முடிவில், கிரிசெல்டாவைப் போலப் பணிதல் வேண்டா என்று மனைவியர்க்கு எள்ளல் தோன்றக் கூறும் பாட்டொன்றும் உளது.

கற்றோர் அவையைக் கடந்து இல்லத்தினுள்ளும் இக்கதை புகுந்தது. 1393 ஆம் ஆண்டளவிற் பாரிசு நகரத்து முதிய கணவன் ஒருவன், பதினைந்தாண்டு இளம் மனைவிக்கு இல்லற நூலொன்று எழுதி, இதனையும் அதனுட் சேர்த்தான். தான் கோமான் அல்லன் என்றும், அவளை இடைச்சியாகக் கொண்டு வந்ததில்லை என்றும், அத்தகைய சோதனை செய்யும் எண்ணம் தனக்கு இல்லை என்றும், கொடுமை இதன்கண் மிகுதி என்றும் அவன் நயமாகவே எழுதுகின்றான். ஆயினும் அதே நூலில், தலைவனை விட்டு நீங்காத நாயின் பற்றினை மனைவிக்கு எடுத்துக்காட்டாக வைத்தவனும் அவனே.