இரண்டு விடியல்களும் ஓர் இரவும்

பெர்த் நகரிலிருந்து வடமேற்கே புறப்பட்ட இரு வான்பயணங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று, 1943 முதல் 1945 வரை குவாண்டாஸின் கேட்டலினா கடல்விமானங்கள் இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிக்குப் போய்வந்தது. மற்றது, அதே நிறுவனம் 2018 மார்ச்சில் லண்டனுக்குத் தொடங்கிய இடைநில்லாப் பயணம். முன்னதன் தொலைவு சுமார் 5,650 கிலோமீட்டர். பின்னதன் தொலைவு சுமார் 14,500. முன்னதற்கு 27 மணி நேரமாவது வேண்டும், எதிர்காற்று வலுத்தால் 32 மணியையும் தாண்டும். பின்னதற்கு 17 மணி நேரமும் சில நிமிடங்களும் போதும்.

வேகம் நான்கு மடங்காயிற்று என்று இந்தக் கணக்கை முடித்துவிடலாம். எனக்கு வியப்பளிப்பது இருளின் கணக்கு. குறைந்த தொலைவு போன கேட்டலினாவின் பயணிகள் வானிலேயே இரண்டு சூரியோதயங்களைக் கண்டார்கள். அப்பயணத்துக்கு ‘இரட்டை விடியல்’ என்ற பெயரே நிலைத்தது. இரண்டரை மடங்கு தொலைவு போன லண்டன் விமானத்தின் முதல் பயணத்தில் ஒரு விடியலும் இல்லை. அந்தி சாய்ந்தபின் கிளம்பி, மேற்கே விலகிக்கொண்டே போகும் இரவுக்குள்ளேயே பறந்து, லண்டனில் பொழுது புலருமுன் தரையிறங்கிவிட்டது.

லண்டன் விமானத்துக்கு அந்த இரவு கால அட்டவணை தந்தது. கேட்டலினாவுக்கோ இரவு ஒரு கவசம். சிங்கப்பூர் வீழ்ந்து பழைய வழி அடைபட்டிருந்தது. ஜப்பானியரின் கண்காணிப்புக்குட்பட்ட பகுதியை இருளில் கடக்கும்படி புறப்படும் நேரத்தைக் குறித்தார்கள். வானொலியிலும் மௌனம். திசையறிய விண்மீன்களே துணை. ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களையே சூட்டியிருந்தார்கள்: ஆல்டேர், வேகா, ரிகல், அன்டாரிஸ், ஸ்பைகா. இவற்றுள் மூன்று நம் பஞ்சாங்கத்திலும் உண்டு: ஆல்டேர் திருவோணம், அன்டாரிஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை.

இரண்டுக்கும் எதிர்பாராத ஓர் உறவு எடையில் இருக்கிறது. இரண்டுமே முதலில் எரிபொருளைத்தான் சுமந்தன. மனிதர்களுக்கு மிஞ்சிய இடம்தான். லண்டன் விமானத்தில் 236 இருக்கைகள். கேட்டலினாவில் மூன்று பயணிகள், 69 கிலோ தபால், அவ்வளவே. நிரம்பிய எரிபொருளோடு எழும்பிய அந்த விமானத்தில் முதல் சில மணி நேரத்துக்குள் ஓர் எஞ்சின் நின்றால், மற்றொன்றால் அதைத் தாங்க முடியாது. இன்றைய விமானமும் இரண்டு எஞ்சின்தான். ஆனால் ஒன்று நின்றாலும் மற்றொன்றின் பலத்தில் மணிக்கணக்கில் பறந்து தரை சேரும். இவ்விரண்டுக்கும் இடையிலான மிகப் பெரிய தூரமாக எனக்குத் தோன்றுவது இதுவே.

அப்படியிருந்தும் கேட்டலினாக்கள் அந்தக் கடலை 271 முறை கடந்தன. போர் முடிந்ததும், கடன்–குத்தகை ஒப்பந்தத்தின் விதிப்படி அவற்றைக் கடலில் மூழ்கடித்தார்கள். நான்கு விமானங்கள் பெர்த்துக்கு எதிரேயுள்ள ராட்னெஸ்ட் தீவுக்கு அப்பால் ஆழத்தில் கிடக்கின்றன.